ஓய்வுக்குப் பிறகு முதல் குளிர்காலம்: ஆர்வி வண்டியில் தெற்கே போக ஆயத்தமாவது எப்படி

வேலையை விட்ட அடுத்த பெப்ரவரியில் நானும் மனைவியும் 24 அடி மோட்டார்ஹோம் ஒன்றில் (படுக்கை, குசினி, மலசலகூடம் எல்லாம் உள்ள வண்டி; ஆர்வி என்பது இப்படியான வண்டிகளின் பொதுப்பெயர்) ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனோம். ஏப்ரலில் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த வண்டி வாங்கலாம்?" அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் மருத்துவக் காப்புறுதி, அடுத்து நாட்கணக்கு, அடுத்து தங்குமிடம். வண்டி அதற்குப் பிறகு. காப்புறுதி கிடைக்குமா என்று தெரியாமல் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொட்டி வண்டி வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு. மற்ற மாகாணங்களில் சுகாதாரக் காப்பீட்டு விதிகள் கொஞ்சம் வேறுபடும்.

1. மருத்துவக் காப்புறுதி

ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை கையில் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டுக்கு வெளியே அவசரமாக ஆஸ்பத்திரியில் படுத்தால், தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலரும் சாதாரண வார்டுக்கு 200 டொலரும்தான் ஓஹிப் தரும். படுக்காமல் பார்த்துவிட்டு வருவதற்கு 50 டொலர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் வரும் பில்லுக்கு இது எந்த மூலைக்கும் காணாது. ஆகவே தனியார் பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் எல்லையைத் தாண்டவே கூடாது.

விலையைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் தேட வேண்டியது நோய் "நிலையாக" இருக்க வேண்டிய காலம் பற்றிய பந்தி. பெரும்பாலும் 90 நாள் அல்லது 180 நாள் என்று இருக்கும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று ஏற்கனவே இருக்கும் நோய்கள் புறப்படும் நாளுக்கு முந்திய அத்தனை நாட்களும் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். நோய் முற்றுவதை மட்டும் மாற்றம் என்று எண்ண வேண்டாம். வைத்தியர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும், குறைத்தாலும்கூட, பல ஒப்பந்தங்களில் அது மாற்றம்தான். எனக்கு டிசம்பரில் பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றினார்கள். உடனே காப்புறுதிக்காரரை அழைத்துச் சொன்னேன். கட்டணம் கூடியது, ஆனால் இதயம் சம்பந்தப்பட்டவை எல்லாம் காப்புறுதிக்குள் நின்றன. சொல்லாமல் போயிருந்தால், நெஞ்சு வலித்த அன்று ஒரு சதமும் கிடைத்திருக்காது.

காப்புறுதி விண்ணப்பத்தில் வரும் மருத்துவக் கேள்விக்கொத்தை ஞாபகத்தில் இருந்து நிரப்பாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் உங்கள் மருந்துகளும் பரிசோதனைகளும் அடங்கிய பட்டியலை அச்சிட்டு வாங்கி, அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக நிரப்புங்கள். ஒரு பதில் பிழைத்தாலும் முழு ஒப்பந்தமும் செல்லாமல் போகலாம். நீண்டகாலமாகத் திட்டமிட்டிருக்கும் சோதனை எதையும், ஒரு கண் பரிசோதனையாக இருந்தாலும், கோடையிலேயே முடித்துவிடுங்கள். முடிவு வராத பரிசோதனை ஒன்று நிலுவையில் இருந்தாலே சிலர் காப்புறுதி தர மறுப்பார்கள்.

மருந்துகளைப் பெயர் ஒட்டிய மூலப் போத்தல்களிலேயே கொண்டு போங்கள். பயண நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலாக இருக்கட்டும்.

2. நாட்கணக்கு

இங்கே மூன்று கணக்குகள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழமையாக நடக்கும் பிழை.

ஓஹிப் தொடர, எந்த 12 மாத காலத்திலும் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். அதாவது 212 நாள் வரை வெளியே இருக்கலாம்.

குடிவரவுக் கணக்கு வேறு. கனடியக் குடியுரிமை உள்ளவரை அமெரிக்கா விசா இல்லாமல், பொதுவாக ஆறு மாதம் வரை பார்வையாளராக விடும். எவ்வளவு நாள் என்பதை எல்லையில் நிற்கும் அதிகாரிதான் தீர்மானிப்பார். ஒரு விஷயத்தை நம் குடும்பங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்: நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். கணவனுக்குக் குடியுரிமை, மனைவிக்கு இன்னும் இல்லை என்றால் விசா விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முந்தியே தொடங்குங்கள்.

மூன்றாவது வரிக் கணக்கு. இந்த ஆண்டு அமெரிக்காவில் நின்ற நாட்கள் முழுதாக, போன ஆண்டு நின்றதில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்திய ஆண்டில் ஆறில் ஒன்று. மூன்றையும் கூட்டினால் 183 அல்லது அதற்கு மேல் வந்தால் அமெரிக்க வரித்துறை உங்களை அங்கே வதிபவராகக் கருதும். ஒவ்வொரு ஆண்டும் 120 நாள் போகிறவருக்கு 120, 40, 20 என்று 180 வரும், தப்பிவிடுவார். 130 நாள் போகிறவருக்கு 195 வந்துவிடும். அப்படியானவர் அந்த ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாகவே நின்றிருந்தால், தன் வாழ்க்கையின் நெருங்கிய தொடர்பு கனடாவோடுதான் என்று காட்டும் 8840 படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்ப வேண்டும். எல்லையைத் தாண்டிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் சேரும். கோடையில் பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போன ஒற்றை நாட்களையும் குடிவரவு, வரி இரண்டுக்கும் சேர்த்து எண்ணுங்கள். குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வந்தாலே போதும்.

இன்னொன்று: 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். எல்லையில் ஐ-94 என்ற வருகைப் பதிவு கிடைத்திருந்தால் அதுவே போதும். தரை வழியாகப் போகும் கனடியருக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன் இணையத்தில் ஐ-94க்கு விண்ணப்பித்து, எல்லையில் கேட்டு வாங்குங்கள். புறப்படும் மாதத்தில் அரச தளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

3. எங்கே, எப்போது, எவ்வளவு நாள்

அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் அரிசோனாவுக்குப் போவார்கள். குவார்ட்ஸைட் என்ற பாலைவன ஊரைச் சுற்றி, அரச நிலத்தில் செப்ரெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதி விற்கிறார்கள். வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர், மின் இணைப்பு எதுவும் இருக்காது. முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாம். டெக்ஸாஸின் தென்முனையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் குளிர்கால வாசிகள் ஏராளம். ஒன்ராறியோவிலிருந்து எல்லாவற்றிலும் கிட்ட இருப்பது புளோரிடாதான். ரொறன்ரோவிலிருந்து புளோரிடா எல்லைக்கு ஏறத்தாழ 1,950 கிலோமீற்றர்.

முதல் ஆண்டு முழுக் குளிர்காலமும் போக வேண்டாம். இரண்டு மாதம் போதும். ஒரு சிறிய பெட்டிக்குள் இருவர் நாள் முழுக்க இருக்க முடியுமா, முதுகு படுக்கையைத் தாங்குமா, பேரப்பிள்ளைகளைப் பாராமல் எத்தனை நாள் இருக்க மனம் விடும் என்பதெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் சிபாரிசு செய்வது பெப்ரவரி நடுவில் போய் ஏப்ரல் நடுவில் திரும்புவது. உறைகுளிரில் ஓடுவது போகும்போது ஒரு தடவைதான், திரும்பும்போது வசந்தம். நவம்பர் தொடக்கத்தில் போனால் தெரு நல்லாக இருக்கும், ஆர்வி பார்க்குகளில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்களில்) இடமும் எளிதில் கிடைக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் திரும்புகிறவர் ஜனவரிப் பனிக்குள் வந்து விழுவார்.

பெப்ரவரி, மார்ச்சில் புளோரிடா நிரம்பி வழியும் என்பது இதில் உள்ள சிக்கல். மாநிலப் பூங்காக்களில் புளோரிடாவாசிகள் 11 மாதத்துக்கு முன்பே பதியலாம். வெளியாருக்கு 10 மாதம். நல்ல கடற்கரைப் பூங்காக்கள் பதிவு திறக்கும் காலையிலேயே போய்விடும். ஒரே பூங்காவில் தொடர்ந்து 14 இரவுக்கு மேல் விடமாட்டார்கள். எனவே முதல் மாதத்துக்கு ஒரு தனியார் ஆர்வி பார்க்கில் மாத வாடகைக்கு இடம் எடுங்கள். ஒரு நாள் வாடகையை முப்பதால் பெருக்குவதைவிட மாத வாடகை நன்றாகக் குறையும். மின்சாரத்துக்குத் தனி மீற்றரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதத்தில் பூங்காக்களுக்கு மாறி மாறிப் போகலாம்.

தம்பா, ஒர்லாண்டோப் பக்கம் பெப்ரவரிப் பகல் இதமாக இருக்கும். வடபுளோரிடாவில் சில இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். அந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொண்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

4. வண்டி

வாங்காதீர்கள். முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள். குளிரில் ஓட்டவே பயம் என்றால் ஒர்லாண்டோவுக்கு விமானத்தில் போய் அங்கேயே வாடகைக்கு எடுத்து மூன்று வாரம் சுற்றிவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல தொடக்கம்தான்.

மோட்டார்ஹோமில் மூன்று வகை. ஏ வகை பஸ் மாதிரி, பி வகை உயரமான வான், சி வகை ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ளது. இருவருக்கு 24, 25 அடி சி வகை அளவானது. படுக்கையை ஒவ்வொரு இரவும் விரித்து மடிக்கத் தேவையில்லை, கடைத் தெருவிலும் திருப்பலாம். 100 கிலோமீற்றருக்கு 24 முதல் 30 லீற்றர் பெற்றோல் குடிக்கும். போக மட்டும் 500 லீற்றருக்கு மேல் என்று கணக்குப் போடுங்கள். ஒன்ராறியோவில் சாதாரண ஜி உரிமத்தில் 11,000 கிலோ வரையான வண்டி ஓட்டலாம், சி வகை அதற்குள் அடங்கும். ட்ரெயிலர் இழுப்பதென்றால் 4,600 கிலோவுக்குமேல் வேறு உரிமம் தேவைப்படும்.

எடையை அசட்டை செய்யாதீர்கள். கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். நீங்கள் இருவர், 150 லீற்றர் தண்ணீர் என்றால் 150 கிலோ, அரிசி மூட்டை, பாத்திரங்கள், நாற்காலிகள் என்று சேர்ந்தால் அந்த எண்ணை எளிதில் தாண்டும். நெடுஞ்சாலை ஓரத்து லொறி நிலையங்களில் உள்ள தராசில் முழுச் சுமையோடு நிறுத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் அட்லாண்டா, தம்பா, ஒர்லாண்டோ எல்லா இடத்திலும் கிடைக்கின்றன.

ரயரின் பூ தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2219 என்றால் 2019இன் 22ஆம் வாரம். ஆறேழு வயது தாண்டிய ரயரில் நீண்ட தூரம் ஓடாதீர்கள். காபன் மொனொக்சைட், காஸ் கசிவு உணரிகளுக்கும் காலாவதித் திகதி உண்டு, பின்பக்கத்தில் இருக்கும்.

செப்ரெம்பரில் வீட்டுக்குப் பக்கத்து மாகாணப் பூங்காவில் மூன்று இரவு தங்கிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பொத்தானையும் திறப்பானையும் (வால்வு) நீங்களே இயக்குங்கள். மனைவியும் ஓட்டிப் பழக வேண்டும். 2,000 கிலோமீற்றரை ஒருவரே ஓட்டக் கூடாது.

5. தண்ணீர்

குளிர்காலப் பயணத்தில் புதியவர்கள் காசைத் தொலைக்கிற இடம் இதுதான். வீட்டில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் சூடாக இருக்கிறது. வண்டியில் அது தரைக்கடியில், மெல்லிய தகட்டுக்கு அப்பால் போகிறது. ஓடும்போது முன்பக்க ஹீற்றர் உங்களைச் சூடாக்கும், குழாயை அல்ல. ஒரு இரவு உறைந்தால் இணைப்பு வெடிக்கும். அது தெற்கே போய்த் தண்ணீர் திறக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே ரொறன்ரோவிலிருந்து தண்ணீர் இல்லாமலே புறப்பட வேண்டும். தொட்டி, சுடுநீர்க் கொதிகலம், குழாய் எல்லாவற்றையும் வடித்து, தண்ணீரைக் கொதிகலத்துக்குள் போகாமல் திருப்பும் பக்கவழித் திறப்பானால் அதை விலக்கி, குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு அன்ரிபிறீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஏற்றியிருக்க வேண்டும். ஆர்விக்கென்று விற்கும் அந்த இளஞ்சிவப்புத் திரவம்தான் வேண்டும். காருக்கு ஊற்றுவது நஞ்சு. வழியில் குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர். மலசலகூடத்தை அதே அன்ரிபிறீஸில் ஒரு குவளை ஊற்றிக் கழுவலாம். முதல் இரண்டு இரவுக்கு லொறி நிறுத்த இடமுள்ள மோட்டலில் அறை எடுத்தால் இன்னும் நல்லது, சுடுநீரில் குளித்துவிட்டுத் தூங்கலாம். வடக்கே பல ஆர்வி பார்க்குகள் ஒக்ரோபர் நடுவிலேயே பூட்டிவிடும் என்பதால் இதுவே வசதி.

தெற்கு ஜோர்ஜியாவுக்கு வந்து, அடுத்த சில இரவுகளும் உறையாது என்று வானிலை சொன்னால் தண்ணீரைத் திறக்கலாம். நல்ல தண்ணீர் விட்டு இளஞ்சிவப்பு நிறம் போகும் வரை ஒவ்வொரு குழாயையும் ஓடவிடுங்கள். பிறகு 57 லீற்றருக்குக் கால் கப் என்ற அளவில் வாசனையில்லாத பிளீச் கலந்து சில மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பக்கவழித் திறப்பானைத் திருப்பிக் கொதிகலம் நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்று வராமல் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே அதன் மின் சுவிட்சைப் போடுங்கள். வெறும் கொதிகலத்துக்கு மின்சாரம் கொடுத்தால் சூட்டுக்கம்பி சில நிமிடங்களில் எரிந்துபோகும். பார்க் குழாயோடு இணைக்கும்போது அழுத்தம் குறைக்கும் சிறு கருவி ஒன்றை நடுவில் போடுங்கள்.

கழிவுத் தொட்டிகள் இரண்டு: மலத்தொட்டி, குசினி மற்றும் குளியல் தண்ணீருக்கான சாம்பல் தொட்டி. மலத்தொட்டியின் திறப்பானை எப்போதும் திறந்து வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கி இறுகிவிடும். முக்கால்வாசி நிறையட்டும், அதை முதலில் திறவுங்கள், பிறகு சாம்பல் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை கட்டாயம். கறி எண்ணெயைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தட்டையும் சட்டியையும் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

6. எல்லையும் தெருவும்

எல்லையில் கேட்கக்கூடிய தாள்களை ஒரே கோப்பில் வையுங்கள்: வீட்டு வரி ரசீது, காப்புறுதி, ஆர்வி பார்க் பதிவு, திரும்பும் திகதி. பார்க்கில் ஏதும் வேலை செய்து வாடகையைக் கழிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பார்வையாளருக்கு அது அனுமதியில்லை. சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விறகு கொண்டு போகாதீர்கள். கறிவேப்பிலையும் வேண்டாம். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும். 2005இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு அங்குள்ள தோடைத் தோட்டங்கள் அழிந்துவருவதை நீங்களே வழியில் பார்ப்பீர்கள். ஓர் இணுக்கு இலைக்காக அந்தப் பாவத்தில் பங்கெடுக்க வேண்டாம்.

வின்சரில் சுரங்கப்பாதையை விட்டு, பாலம் வழியாகத் தாண்டி 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு 400, 450 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், பிற்பகல் மூன்று மணிக்குள் நின்றுவிடுங்கள். முதல் இரவு வின்சர், இரண்டாவது சின்சினாட்டி, மூன்றாவது நொக்ஸ்வில், நான்காவது அட்லாண்டாவுக்கு வடக்கே கார்ட்டர்ஸ்வில் பக்கம், ஐந்தாவது வல்டொஸ்டா. நான்காம் நாளைக் குறைத்தது காரணத்தோடுதான். அப்போதுதான் அட்லாண்டாவை மறுநாள் காலை பத்து மணிக்குப் பிறகு, சுற்றுவட்டச் சாலையால் அமைதியாகக் கடக்கலாம்.

இரண்டு இடங்களில் கவனம். கென்டக்கியிலிருந்து டென்னசிக்குள் நுழைந்ததும் வரும் ஜெலிக்கோ மலையில் பிரேக்கை மிதித்தபடி இறங்காதீர்கள், கியரைக் குறையுங்கள். சற்றநூகாவுக்கு வடக்கே ஹைவாஸி ஆற்றுப் பகுதியில் மூடுபனி திடீரென்று இறங்கும். 1990 டிசம்பர் 11 அன்று அங்கே 99 வாகனங்கள் மோதி 12 பேர் இறந்தார்கள். இப்போது எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அவை வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். விடிகாலையில் அந்தப் பகுதியைக் கடக்கவே வேண்டாம்.

புறப்படும் திகதியை வானிலைக்கு விடுங்கள். முதல் பார்க் பதிவுக்கு முன் நாலு நாள் இடைவெளி வைத்தால், பனிப்புயல் வரும் வாரத்தில் வீட்டிலேயே இருந்து தேநீர் குடிக்கலாம். வண்டியின் உயரத்தை அடியிலும் மீற்றரிலும் எழுதி ஓட்டுநர் முன்னால் ஒட்டுங்கள். ஓடும்போது காஸ் சிலிண்டரின் திறப்பானைப் பூட்டி வையுங்கள். கிழக்குக் கரையோரமாகப் போகிறவர்கள் போல்ட்டிமோர் சுரங்கங்களில் அந்தக் காஸோடு போக முடியாது.

7. மின்சாரமும் குசினியும்

30 அம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாற்ஸ்தான். ஹீற்றர் 1,500, கெற்றில் 1,500. இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் எல்லாம் நின்றுவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ற் மிக்சி அங்கே ஓடாது. தூள்களையும் இஞ்சி உள்ளி விழுதையும் வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போவது சுகம்.

தாளிப்பதையும் பொரிப்பதையும் வெளியில் ஒற்றை அடுப்பில் வையுங்கள். மணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் சோறு வடித்தாலே ஆவி குளிர் யன்னலில் வழிந்து மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் காஸ் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்காதீர்கள். உயிர் போகும்.

8. வீடு

தண்ணீர்ப் பிரதான திறப்பானைப் பூட்டி குழாய்களை வடியுங்கள். சூட்டை முழுதாக நிறுத்த வேண்டாம். வீட்டுக் காப்புறுதியில், ஆளில்லாத வீட்டை எத்தனை நாளுக்கொரு தடவை யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைக் கேட்டு, அந்தப் பொறுப்பை ஏற்பவரை, மகனோ அயலவரோ, வந்த திகதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வண்டிக் காப்புறுதிக்காரருக்கும் எத்தனை நாள் அமெரிக்காவில் என்று அறிவியுங்கள்.

திரும்பும்போது ஒஹாயோவுக்குள் வரும் முன்னரே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஸ்காபரோ இரவு உறைநிலைக்குக் கீழே போகும். வாசலில் வண்டியை நிறுத்தி, துணிகளைத் தோய்க்கப் போட்டு, களைப்பாறிய பிறகு இருவரும் உட்கார்ந்து இன்னொரு தடவை போவோமா என்று பேசுங்கள். அதிக நாள் எடுக்காதீர்கள். அடுத்த பெப்ரவரி 20ஆம் திகதிக்கான புளோரிடாப் பூங்கா இடங்கள் ஏப்ரல் 20 காலை திறக்கின்றன.